பந்தைத் தொடாமலே ஆட்டத்தை ஆள்பவர்கள்: அமெரிக்கக் கால்பந்தின் தாக்குதல் வரிசை

2021 பிப்ரவரி 7 அன்று ஃப்ளோரிடாவின் டேம்பா நகரில் நடந்த 55-ஆவது சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில், அந்தத் தலைமுறையின் தலைசிறந்த குவார்ட்டர்பேக் என்று பலரும் ஒப்புக்கொண்டிருந்த, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் இடத்தில் ஆடும் பேட்ரிக் மஹோம்ஸ், ஆட்டம் முழுவதும் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஓடிக்கொண்டே இருந்தார். அவருடைய கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி, டேம்பா பே பக்கனியர்ஸ் அணியிடம் 31-9 என்று தோற்றது. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடக்கும் டச்டவுன் ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. அவருடைய கைத்திறன் ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. அவருக்கு முன்னால் அரணாக நிற்க வேண்டிய ஐந்து பேரில், இரு ஓரங்களையும் வழக்கமாகக் காக்கும் இருவருமே அன்று களத்தில் இல்லை. எரிக் ஃபிஷருக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் அக்டோபரிலிருந்தே ஆடவில்லை. மாற்று வீரர்களைக் கொண்டு ஒட்டுப்போட்ட அந்த வரிசையைத் தாண்டி வந்த எதிரணியினர், மஹோம்ஸை 29 முறை நெருக்கினார்கள். சூப்பர் பௌல் வரலாற்றில் அதுவரை எந்தக் குவார்ட்டர்பேக்கும் அத்தனை முறை நெருக்கப்பட்டதில்லை.

அந்த ஐந்து இடங்களில் ஆடுபவர்களைத்தான் ஆஃபென்சிவ் லைன்மேன் என்கிறார்கள். பார்ப்பதற்கு ஐவரும் பெருத்த உடலுடன் ஒருவரையொருவர் முட்டித் தள்ளுபவர்களாகவே தெரிவார்கள். அவர்களில் ஒருவரைச் சாதாரணர் என்றும் இன்னொருவரை ஆதிக்கம் செலுத்துபவர் என்றும் வல்லுநர்கள் எதைக் கொண்டு பிரிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். உடற்பருமன் இந்த வேலைக்கு ஒரு நுழைவுச்சீட்டு மட்டுமே. காலும் கையும் கணிப்பும் ஒன்றுசேர்ந்து, ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது முறை, ஒருமுறைகூடப் பிசகாமல் இயங்குவதில்தான் உண்மையான ஆதிக்கம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதாவது நான்கு டவுன்கள் தரப்படும். அவற்றுக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும். முன்னேறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு: பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், அல்லது முன்னே ஓடும் சக வீரருக்கு எறியலாம். எறிவதும், ஓடுபவரிடம் பந்தைக் கொடுப்பதும் குவார்ட்டர்பேக்கின் வேலை. அவர் அதைச் செய்துமுடிக்கும்வரை எதிரணி அவரை எட்டாமல் பார்த்துக்கொள்வதும், ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் தாக்குதல் வரிசையின் வேலை.

வரிசையின் நடுவில் நிற்பவர் சென்டர். குனிந்து, தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்து ஒவ்வோர் ஆட்ட நகர்வையும் தொடங்கிவைப்பவர் இவர். அச்செயலுக்கு ஸ்னாப் என்று பெயர். சென்டருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், அவர்களுக்கு வெளியே இரண்டு டேக்கிள்கள். என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறை லீகில் இவர்கள் 50 முதல் 79 வரையிலான எண்களை அணிகிறார்கள். நடுவரிடம் முன்கூட்டியே அறிவித்தாலொழிய, முன்னோக்கி எறியப்படும் பந்தை இவர்கள் பிடிக்கக் கூடாது. ஸ்னாப்புக்கு முன் சற்றே அசைந்தாலும் அணி 5 கஜம் பின்னுக்குப் போகும். எதிராளியைச் சட்டவிரோதமாகப் பற்றி நிறுத்தினால், ஹோல்டிங் என்ற குற்றத்துக்காக 10 கஜம் போகும். எதிரே நிற்கும் தற்காப்பு வீரர்களுக்கோ கைகளைப் பயன்படுத்துவதில் இதைவிட அதிகச் சுதந்திரம் உண்டு. எந்தப் பக்கமாகப் பாய்வது என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். லைன்மேனுக்கு இருக்கும் ஒரே சாதகம், ஸ்னாப் எந்தக் கணத்தில் நிகழும் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதுதான். அந்தக் கண நேரச் சாதகத்தை வைத்துக்கொண்டுதான் அவர் மற்ற எல்லாவற்றையும் சரிக்கட்ட வேண்டும்.

பந்தை எறியும் நகர்வில் லைன்மேன் செய்வதைப் பாஸ் பிளாக்கிங் என்பார்கள். இதில் அவர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே, முன்னோக்கி ஓடிவரும் ஒருவரைத் தடுக்க வேண்டும். பெரும்பாலான எறிதல்கள் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். மூன்று விநாடி என்பது சொல்லும்போது குறைவாகத் தோன்றினாலும், 120 கிலோ எடையும் குறுந்தொலைவு ஓட்டக்காரரின் வேகமும் கொண்ட ஒருவர் எதிரே வரும்போது அது நெடுநேரம்.

இடது டேக்கிள் ஒருவரின் மூன்று விநாடிகளை நெருங்கிப் பார்ப்போம். அவர் முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி நிற்கிறார். வெளிக்கால் சற்றே பின்தள்ளி இருக்கிறது. ஸ்னாப் ஆனதும் உட்காலால் தரையை உந்தி, வெளிக்காலைச் சாய்வாகப் பின்னே வழுக்கி வைக்கிறார். உட்கால் அதைப் பின்தொடர்கிறது. கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடவே கூடாது. குறுக்கிடும் கணத்தில் அவர் நிலையற்றவராகிவிடுவார், எதிராளி காத்திருப்பதும் அந்தக் கணத்துக்காகவே. இந்த நகர்வுக்குக் கிக்-ஸ்லைடு என்று பெயர். பின்வாங்கும் ஒவ்வோர் அடியிலும் அவர் குவார்ட்டர்பேக்குக்கும் எதிராளிக்கும் நடுவில், எதிராளியின் உட்பக்கத் தோளுக்கு நேராக இருக்கப் பார்க்கிறார். குவார்ட்டர்பேக்கை அடையக் குறுக்கு வழி உட்பக்கமாகத்தான் இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் எதிராளி வெளிப்பக்கமாக நீண்ட வளைவில் சுற்றித்தான் வர வேண்டும்.

இருவரும் சந்திக்கும்போது கைகளின் வேலை தொடங்குகிறது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கட்டைவிரல் மேலே இருக்குமாறு, எதிராளியின் மார்பில் இரு உள்ளங்கைகளையும் பளீரென்று பதிக்க வேண்டும். நேரம் இதில் எல்லாமாகிறது. சற்று முந்திக் கை நீட்டினால் எதிராளி அதைத் தட்டிவிடுவார். நீட்டிய கையோடு உடலும் முன்னே சாய்ந்து, டேக்கிள் காற்றைத் தழுவிக்கொண்டு நிற்பார். சற்றுப் பிந்தினால் எதிராளியின் கைகள் அவருடைய மார்பில் முதலில் ஏறிவிடும். நல்ல டேக்கிள்கள் ஒரு கையை மட்டும் நீட்டுவதுபோல் பாசாங்கு செய்து எதிராளியின் தற்காப்பை முன்கூட்டியே வெளியே இழுப்பதும் உண்டு. இரு கைகளும் எதிராளியின் உடற்கட்டுக்குள் பதிந்துவிட்டால் அங்கே பற்றிக்கொள்வதை நடுவர்கள் பெரும்பாலும் குற்றமாகக் கருதுவதில்லை. எதிராளி விலகி ஓட முயலும்போது விடாமல் இழுத்தால்தான் நடுவரின் குற்றக் கொடி பறக்கும். ஆகவே கை எங்கே பதிகிறது என்பது தடுப்பின் வெற்றியை மட்டுமன்றி, 10 கஜத் தண்டத்தையும் முடிவு செய்கிறது.

வளைந்து வர முடியாத எதிராளி, அடுத்து நேராக மோதித் தள்ளப் பார்ப்பார். அப்போது டேக்கிள் இடுப்பை இன்னும் இறக்கி, பாதங்களை மீண்டும் ஊன்றி, வந்த விசையைத் தரைக்கு அனுப்ப வேண்டும். இந்தத் திறனை ஆங்கர், அதாவது நங்கூரம் என்று பயிற்சியாளர்கள் அழைக்கிறார்கள். இரண்டு மூன்று அடி பின்தள்ளப்பட்டாலும் அதன்பின் அசையாது நிற்பவரையே நல்ல நங்கூரம் உடையவர் என்பார்கள். மோதலில் எவருடைய இடுப்பு தாழ்ந்திருக்கிறதோ அவரே வெல்வார் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். ஆறடி ஐந்தங்குல உயரமுள்ளவர்களுக்கு அந்தப் பாடம் எளிதல்ல. அவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு தன்னைவிடக் குள்ளமானவருக்குக் கீழே செல்வதற்கு இடுப்பும் கணுக்காலும் வளைந்து கொடுக்க வேண்டும்.

கைகளை நீட்டித் தடுக்கும் இந்தக் கலையே ஒப்பீட்டளவில் புதியது. 1978-இல் என்.எஃப்.எல். விதிகளைத் திருத்தி, பாஸ் பிளாக்கிங்கில் கைகளை நீட்டவும் உள்ளங்கையை விரிக்கவும் அனுமதித்தது. அதற்கு முன்பு லைன்மேன்கள் கைகளை மார்போடு ஒடுக்கி, தோளாலும் உடலாலுமே பெரும்பாலும் தடுத்தார்கள். 1977-இல் தடை செய்யப்படும்வரை, எதிராளி தலைக்கவசத்தின் பக்கவாட்டில் ஓங்கி அறைவதையும் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எறிதல் ஆட்டம் பெருகியதற்கு இந்தத் திருத்தம் ஒரு முக்கியக் காரணம். நீண்ட கைகள் உள்ளவர்களைத் தேடிப்பிடிக்கும் வழக்கம் வலுத்ததற்கும் இதுவே பின்னணி.

இனி உடலளவு. இன்றைய என்.எஃப்.எல். லைன்மேன் பொதுவாக ஆறடி ஐந்தங்குல உயரமும் 140 கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையும் உடையவர். 1960-களில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் புகழ்பெற்ற கார்டாக இருந்த ஜெர்ரி கிரேமரின் எடை ஏறக்குறைய 111 கிலோதான். இன்று அந்த எடையுடன் ஒருவரும் வரிசையில் நிற்க முடியாது. ஆனால் எல்லாரும் பெரியவர்கள் ஆகிவிட்ட களத்தில் பெரிதாக இருப்பதால் மட்டும் ஒருவர் தனித்துத் தெரிவதில்லை. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் ஆண்டனி முன்யோஸை வரலாற்றின் மிகச் சிறந்த டேக்கிள் என்று பலர் கருதுவதற்குக் காரணம் அவருடைய பாதங்கள். கல்லூரிக் காலத்திலேயே முழங்காலில் பலமுறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால் கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1980-ஆம் ஆண்டுத் தேர்வில் அவரை எடுப்பதற்குச் சில அணிகள் தயங்கின; மூன்றாவது இடத்தில் எடுத்த சின்சினாட்டிக்காக 1992 வரை ஆடினார், பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு 11 முறை தேர்வானார். கல்லூரியில் அவர் பேஸ்பால் அணியிலும் பந்து வீசியவர். நடுவரிடம் அறிவித்துவிட்டுப் பந்தைப் பிடித்து நான்கு டச்டவுன்களும் எடுத்திருக்கிறார்.

பலசாலி என்றாலே மந்தமானவர் என்று நினைப்பவர்கள், டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் லாரி ஆலனைப் பற்றி அறிய வேண்டும். 1994 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஆட்டத்தில், டல்லஸ் எறிந்த பந்தை எதிரணியின் டேரியன் கானர் இடைமறித்துப் பிடித்து, திறந்த வெளியில் டச்டவுனை நோக்கி ஓடினார். களத்தின் மறுபுறத்திலிருந்து 145 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆலன் அவரைத் துரத்திப் பிடித்து வீழ்த்தினார். பிடிக்கப்பட்டவர் லைன்பேக்கர், அதாவது தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்று, ஓடுவதையே தொழிலின் பாதியாகக் கொண்டவர். அது ஆலனின் முதல் பருவம்.

இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முகாமில் 40 கஜ ஓட்டத்தையும், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்பதையும் அளக்கிறார்கள். லைன்மேன்களைப் பொறுத்தவரை இவ்விரு அளவுகளுக்கும் கொடுக்கப்படும் மதிப்பு மிகை என்றே நான் நினைக்கிறேன். லைன்மேன் 40 கஜம் நேராக ஓடும் தருணம் ஆலனுக்கு நேர்ந்ததுபோல் எப்போதோ ஒருமுறை வருவது. முதல் ஐந்து கஜத்தில் பாதங்கள் என்ன செய்கின்றன என்பதே தினசரிக் கேள்வி. 2018 முகாமில் ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 40 கஜத்தை ஓட 5.85 விநாடி எடுத்துக்கொண்டார், எடையை 14 முறை மட்டுமே தூக்கினார். இரண்டுமே அவர் வகுப்புக்கு மிக மோசமான எண்கள். முதல் சுற்றில் போவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் மூன்றாம் சுற்றுக்குச் சரிந்தார். அடுத்த ஆண்டிலிருந்து தொடர்ந்து நான்கு முறை ப்ரோ பௌலுக்குத் தேர்வானதும் அதே பிரவுன்தான்.

வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள் சிலர் இங்கே வெற்றி பெற்ற விதமும் இதையே காட்டுகிறது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் கார்டு ஸ்டீஃபன் நீல், கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்தே ஆடாதவர். 1999-இல் உலக மல்யுத்த சாம்பியன். இடுப்பைத் தாழ்த்துவதும், எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் கைவழியே உணர்வதும் மல்யுத்தக்காரருக்குப் பழகிய வித்தை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் இடது டேக்கிள் ஜோர்டான் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். 2018-இல் ஏழாம் சுற்றில் தேர்வாகும்வரை ஒரு முறைகூட இந்த ஆட்டத்தை ஆடியிராதவர். ஆறடி எட்டங்குல உடல் அவருக்குப் பிறவியிலேயே கிடைத்தது. கிக்-ஸ்லைடை முதல் அடியிலிருந்து கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு முழுப் பருவங்கள் ஆயின. அந்த இரண்டு பருவங்களிலும் அவர் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

பந்துடன் ஓடும் நகர்வில் லைன்மேனின் மனநிலையே மாறிவிடுகிறது. இப்போது முன்னே பாய்பவர் அவர். எதிராளி நிற்கும் இடத்திலிருந்து அவரை அகற்ற வேண்டும். அவரை மல்லாக்கத் தள்ளி மேலே விழுந்தால் அதைப் பேன்கேக் என்று சொல்லி மகிழ்கிறார்கள். இரசிகர்களுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் பயிற்சியாளர்கள் அதைவிட விரும்புவது இருவர் சேர்ந்து செய்யும் தடுப்பை. கார்டும் டேக்கிளும் இடுப்போடு இடுப்பு ஒட்டி ஒரே எதிராளியைத் தூக்கிப் பின்தள்ளுகிறார்கள். அவர் நிலைகுலைந்ததும் இருவரில் ஒருவர் மட்டும் கழன்று, பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தடுக்கப் போகிறார். எப்போது கழல்வது என்பதில்தான் சூட்சுமம். முந்தினால் முதல் எதிராளி தப்பிவிடுவார். பிந்தினால் லைன்பேக்கர் ஓடுபவரை வந்தடைந்துவிடுவார். கண் லைன்பேக்கர் மீதும், கை எதிராளி மீதும் இருக்க வேண்டும்.

1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். டல்லஸுக்கு எதிரான சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் 16 விநாடிகள் எஞ்சியிருந்தன. பேக்கர்ஸ் மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தது. டச்டவுன் கோட்டுக்கு ஒரு கஜத்துக்கும் குறைவான தூரம். எதிரணியின் ஜெத்ரோ பியூ ஸ்னாப் ஆனதும் சற்றே நிமிர்ந்து எழுகிறார் என்பதை, அந்த வாரம் பழைய ஆட்டப் படங்களைப் பார்த்தபோதே கிரேமர் கவனித்திருந்தார். உறைந்த தரையில் பாதம் பிடிக்க ஓர் இடம் தேடி, கிரேமர் பியூவின் மார்புக்குக் கீழே புகுந்தார். சென்டர் கென் போமன் பக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டார். அவர்கள் பின்னால் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் விழுந்து கோட்டைக் கடந்தார். 21-17. ஐஸ் பௌல் என்று பெயர் பெற்ற அந்த ஆட்டத்தை முடித்துவைத்தது ஒரு எளிய தடுப்பு. அதற்கு முந்தைய தயாரிப்பு மட்டும் எளிதாக இருக்கவில்லை.

எடையைவிட ஒருங்கிணைப்பை நம்பிய வழி ஒன்றும் உண்டு. 1990-களில் டென்வர் பிராங்கோஸின் வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ், மற்ற அணிகளைவிட எடை குறைந்த, சுறுசுறுப்பான லைன்மேன்களைத் திரட்டினார். ஐவரும் ஒரே திசையில் ஒரே தாளத்தில் நகர்ந்து, ஆளுக்கு ஓர் எதிராளி என்று கணக்கிடாமல் ஆளுக்கு ஓர் இடைவெளியைப் பொறுப்பேற்றார்கள். இதை ஸோன் பிளாக்கிங் என்பார்கள். டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 கஜம் ஓடினார். அவர் காயமடைந்த 1999-இல் ஓலாண்டிஸ் கேரியும், 2000-இல் மைக் ஆண்டர்சனும் ஆயிரம் கஜத்தைத் தாண்டினார்கள். ஓடுபவர் மாறியும் கஜங்கள் வந்துகொண்டே இருந்தால், பெருமை யாருக்குச் சேர வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். 1973-இல் 2,003 கஜம் ஓடி முதன்முதலாக இரண்டாயிரத்தைக் கடந்த பஃபலோ அணியின் ஓ.ஜே. சிம்ப்சன், அன்றைய செய்தியாளர் சந்திப்புக்குத் தன் வரிசை வீரர்களையும் கையோடு அழைத்துவந்தார்.

இதுவரை சொன்ன எதையும் செய்வதற்கு முன், எவரைத் தடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எதிரணி நான்கு பேரை அனுப்பலாம், ஆறு பேரை அனுப்பலாம், வருவதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்கலாம், இருவர் ஒருவர்மீது ஒருவர் குறுக்காக ஓடி இடம் மாறலாம். சென்டர் பந்தின் மீது கை வைத்தபடி இதையெல்லாம் படித்து, எந்த லைன்பேக்கரை மையமாகக் கொண்டு தடுப்பைக் கணக்கிடுவது என்று உரக்க அறிவிக்கிறார். மற்ற நால்வரும் அதைக் கேட்டுத் தம் பொறுப்பை மாற்றிக்கொள்கிறார்கள். எதிரணியின் ஊரில் எழுபதாயிரம் பேர் கத்தும்போது குரல் எடுபடாது. அப்போது கார்டு ஒருவர் பின்னால் திரும்பிக் குவார்ட்டர்பேக்கின் சைகையைப் பார்த்து, சென்டரின் உடலைத் தட்டுவார்; அதிலிருந்து எண்ணிக்கொண்டு ஸ்னாப் நடக்கும். டேக்கிள்கள் பந்தைக் கடைக்கண்ணால் பார்த்தே கிளம்ப வேண்டும். முன்பு சொன்ன அந்த ஒரே சாதகமும் அப்போது பறிபோகிறது.

ஃபிலடெல்ஃபியாவின் சென்டர் ஜேசன் கெல்சி, 2011-இல் ஆறாம் சுற்றில் 191-ஆவதாகத் தேர்வானவர். எடையில் தம் சகாக்களைவிடக் குறைந்தவர். கல்லூரிக்குள் நுழைந்தபோது லைன்மேனாகக்கூட இருக்கவில்லை. எதிரணியின் அமைப்பை முன்கூட்டியே படிக்கும் திறனாலும், ஸ்னாப் செய்த மறுகணமே களத்தின் ஓரம்வரை ஓடித் தடுக்கும் வேகத்தாலும் அவர் தம் காலத்தின் சிறந்த சென்டராக 2024-இல் ஓய்வு பெற்றார்.

ஆதிக்கம் என்பதைத் தனியொருவரின் சொத்தாகப் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நால்வர் அருமையாகத் தடுத்து ஒருவர் தவறினாலும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். வலதுகைக்காரரான குவார்ட்டர்பேக் எறிய ஆயத்தமாகும்போது முதுகு இடப்பக்கம் இருக்கும் என்பதால், இடது டேக்கிளுக்கு நெடுங்காலம் தனி மதிப்பு இருந்தது. 1985 நவம்பரில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்து அவருடைய ஆட்ட வாழ்வே முடிந்த இரவில், எதிரணியின் லாரன்ஸ் டெய்லரின் பாய்ச்சலுக்கு எதிரே வழக்கமாக நிற்கும் இடது டேக்கிள் ஜோ ஜேகபி காயத்தால் ஆடவில்லை. இன்று எதிரணிகள் தம் சிறந்த பாய்ச்சல்காரரை எந்தப் பக்கமும் நிறுத்துகின்றன. வலது டேக்கிளான டெட்ராய்ட்டின் பெனெய் சூவெல் 2024-இல் ஆண்டுக்குச் சராசரியாக 2.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்.

கூட்டு ஆதிக்கத்துக்குச் சிறந்த சான்று அதே வாஷிங்டன் வரிசை. 1982-இல் பயிற்சியாளர் ஜோ புகல் அவர்களுக்கு ஹாக்ஸ், அதாவது பன்றிகள் என்று செல்லப் பெயர் வைத்தார். ஜேகபியும் சென்டர் ஜெஃப் பாஸ்டிக்கும் எந்த அணியாலும் தேர்வில் எடுக்கப்படாதவர்கள். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில், நான்காவது டவுனில் ஒரு கஜம் தேவைப்பட்டபோது, ஜான் ரிகின்ஸ் அவர்கள் திறந்த இடப்பக்க வழியில் 43 கஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். அதையும் சேர்த்துப் பத்தாண்டுக்குள் வாஷிங்டன் மூன்று சூப்பர் பௌல்களை வென்றது. மூன்றிலும் குவார்ட்டர்பேக் வேறு வேறு ஆள். 1982-இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அந்த அணிக்குத்தான் வந்தது, ஆனால் பந்தை உதைக்கும் மார்க் மோஸ்லிக்கு. அந்த விருது இன்றுவரை ஒரு தாக்குதல் வரிசை வீரருக்குக்கூடக் கிடைத்ததில்லை.

கான்சாஸ் சிட்டி டேம்பா தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டது. அடுத்த பருவத்தை ஐந்து இடங்களிலும் புதிய ஆட்களுடன் தொடங்கியது. இடது டேக்கிளாக வந்தவர், முகாமில் சொதப்பிய அதே ஒர்லாண்டோ பிரவுன். 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் அவர்கள் சந்தித்த ஃபிலடெல்ஃபியா, அந்தப் பருவத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைப் பந்துடன் 70 முறை வீழ்த்தியிருந்தது. இப்படி வீழ்த்துவதைத்தான் சாக் என்பார்கள். அன்று ஒரு சாக்கும் விழவில்லை. கான்சாஸ் சிட்டி 38-35 என வென்றது.

இத்தனைக்கும் நடுவே என்னை மிகவும் வியக்கவைப்பவர், பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்த அணியில் ஆடிய கிளீவ்லாந்து பிரௌன்ஸின் ஜோ தாமஸ். 2007 முதல் 2017 அக்டோபரில் கையின் பின்தசை கிழியும்வரை, ஒரு நகர்வைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப்புகள் ஆடினார். அவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக்குகள் வந்தார்கள், போனார்கள்; அணி ஒருமுறைகூட பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. கோப்பை கிடைக்காத ஒருவரை, தகுதி பெற்ற முதல் ஆண்டான 2023-லேயே புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். பத்தாயிரமாவது ஸ்னாப்பிலும் முதல் ஸ்னாப்பில் வைத்த அதே அடியை வைத்தவர் என்பதே அவருடைய தகுதி.

இந்த வேலைக்கு உடல் தரும் விலையும் சிறியதல்ல. எடையைத் தக்கவைக்கப் பசியில்லாத வேளையிலும் உண்ண வேண்டும்; தாமஸ் ஓய்வு பெற்றபின் இருபது கிலோவுக்கு மேல் இளைத்துவிட்டார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்காக நான்கு சூப்பர் பௌல்களை வென்ற சென்டர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் 50 வயதில் இறந்தபோது, அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தொடர்ந்த தலைமோதல்களால் உண்டாகும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவைக் கண்டார். என்.எஃப்.எல். வீரர் ஒருவரிடம் அது கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. ஒவ்வொரு நகர்விலும் மோதலுடன் தொடங்கும் ஓர் இடத்தில் ஆடியவரிடம் அது முதலில் தெரியவந்ததில் வியப்பில்லை.

ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது இதையெல்லாம் கண்டுகொள்ள, ஸ்னாப் ஆனதும் பந்தைப் பின்தொடரும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு லைன்மேனின் பாதங்களை மட்டும் மூன்று விநாடி கவனியுங்கள். அவர் குறுகிய அடிகளாக வைக்கிறாரா, மோதலின்போது முதுகு நிமிர்ந்திருக்கிறதா, யார் கை யாருடைய மார்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஓடும் நகர்வு முடிந்ததும், விழுந்தவர்களின் குவியல், நகர்வு தொடங்கிய கோட்டுக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதைக் கவனியுங்கள். நான்காவது டவுனில் ஒரு கஜம் தேவைப்படும்போது பயிற்சியாளர் உதைப்பவரை அனுப்பாமல் வரிசையைக் களத்திலேயே நிறுத்துகிறார் என்றால், தன் ஐவரைப் பற்றி அவர் கொண்டிருக்கும் மதிப்பீடு அதிலேயே தெரிந்துவிடும்.